லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போச்சா? ரிப்பேரா, புதுசா: காசு எடுக்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



மாசக் கடைசி. சம்பளம் வர இன்னும் ஆறு நாள் இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பை ஆன் பண்றீங்க. கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து: "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்". ஆஃப் பண்ணி மறுபடி போடறீங்க. இந்தத் தடவை விண்டோஸ் வருது, ஆனா டெஸ்க்டாப் வர ஏழு நிமிஷம் ஆகுது. உள்ளேருந்து டிக் டிக்குனு ஒரு சத்தம் வேற.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க ரெண்டு விதம். சில பேர் மறுநாள் காலையில ஆபீஸ் போற வழியில இருக்கற கடையில கொடுத்து, "பார்த்து சரி பண்ணுங்கண்ணா, சாயங்காலம் வரேன்"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவாங்க. சில பேர் கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல நோ காஸ்ட் இஎம்ஐ-ல புது லேப்டாப் தேட ஆரம்பிச்சிடுவாங்க. முதல் ஆளுக்கு 3,000 ரூபாயில முடிய வேண்டியது 12,000 ஆகலாம். ரெண்டாவது ஆளுக்கு 50,000 போறது மட்டும் உறுதி.

இன்னைக்குப் பாக்கப் போறது இந்த ஒரு ராத்திரியை எப்படிக் கையாளறதுன்னு. டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம் வரும். அது தெரியலன்னா கடைக்காரர் சொல்ற தொகை சரியா தப்பான்னு உங்களால சொல்ல முடியாது, அதனால பொறுத்துக்கோங்க.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பா இருந்தா இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்ல. கழற்றாதீங்க, வெளிக்கடையில கொடுக்காதீங்க. ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க. அந்த டிஸ்க்ல இருக்கற டேட்டா கம்பெனியோடது. நல்ல எண்ணத்துல வெளியில கொடுத்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். மீதி எல்லாரும் மேல படிங்க.

ஒரு பழுது, ரெண்டு பில்

2022-ல சோழிங்கநல்லூர்ல நான் ஒரு ரூம்ல இருந்தேன். ரூம்மேட்டோட லேப்டாப்புக்கு இதேதான் ஆச்சு. 1 டிபி ஹார்ட் டிஸ்க், நாலு வருஷ லேப்டாப். அவன் பதறினது லேப்டாப்புக்காக இல்ல. அவங்க அப்பா 2020-ல தவறிட்டார். அதுக்கு முன்னாடி வந்த பொங்கலுக்கு ஊர்ல எடுத்த வீடியோ ஒண்ணு அந்த டிஸ்க்ல இருந்துச்சு. வேற எங்கயும் காப்பி இல்ல.

மறுநாள் பக்கத்துக் கடையில கொடுத்தான். "டேட்டா எடுத்துடலாம் தம்பி, 2,000 ஆகும்"னு சொன்னாங்க. ராத்திரி முழுக்க ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை ஓட விட்டிருக்காங்க. ஏற்கெனவே டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டு இருந்த டிஸ்க். காலையில அது கண்டுபிடிக்கவே முடியாத நிலைமைக்குப் போயிடுச்சு. அந்தக் கடைக்காரர் கெட்டவர்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிஞ்சதைச் செஞ்சார். ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேருக்குமே ஒரு விஷயம் தோணல.

ஹார்ட் டிஸ்க் போனா உங்க கையில ரெண்டு தனித்தனி பிரச்சினை இருக்கு. ஒண்ணு டேட்டா, இன்னொண்ணு மெஷின். ரெண்டுக்கும் தனித்தனி விலை, தனித்தனி கெடு. மெஷின் உங்களுக்கு நாளைக்கே வேணும். ஒரு எஸ்எஸ்டி மாத்தினா ஒரே நாள்ல வந்துடும். டேட்டாவுக்கு அந்த அவசரம் கிடையாது. டிஸ்க்கைக் கழற்றி, பவர் கொடுக்காம அலமாரியில வெச்சா ரெண்டு மாசம் கழிச்சும் அது அப்படியே இருக்கும். அதைக் கெடுக்கறது ஆன் பண்ணிப் பண்ணிப் பாக்கறதுதான்.

முதல்ல, போனது டிஸ்க்தானா?

லேப்டாப் ஆமை மாதிரி போகுது, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு காட்டுது. உடனே "ஹார்ட் டிஸ்க் போச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. 4 ஜிபி ரேம்ல விண்டோஸ், குரோம்ல இருபது டேப், ஒரு வீடியோ மீட்டிங்: இது எல்லாம் சேர்ந்தா ரேம் பத்தாம விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும். அப்பவும் 100 சதவீதம்தான் காட்டும். நல்லா இருக்கற ஹார்ட் டிஸ்க்கும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. அந்த லேப்டாப்புக்குத் தேவை வேற.

நிஜமாவே டிஸ்க்தான்னு சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் வேற மாதிரி இருக்கும். சீரான இடைவெளியில கிளிக் சத்தம். ஒரு ஃபோல்டரைத் திறந்தா மட்டும் மொத்த லேப்டாப்பும் உறைஞ்சு போறது. நேத்து வரைக்கும் திறந்த ஃபைல் இன்னைக்கு கரப்ட்னு சொல்றது. ஆன் பண்ணும்போதே ஸ்மார்ட் எர்ரர்னு ஒரு எச்சரிக்கை. இதுல கிளிக் சத்தம் கேட்டா இந்தப் பகுதியில மேல சொல்ற எந்தச் சோதனையும் வேண்டாம், ஆஃப் பண்ணிடுங்க. உள்ளே தகடு நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்திக்கிட்டு இருக்கு, அதுக்கு மேல முடி அளவுகூட இல்லாத இடைவெளியில ரீட் ஹெட் மிதக்குது. அந்த ஹெட் பழுதாகித் தகட்டைத் தொட்டா, ஒவ்வொரு நிமிஷமும் உங்க ஃபைல்கள் சுரண்டப்படுதுன்னு அர்த்தம்.

சத்தம் இல்லன்னா காசு செலவில்லாம நாமளே கொஞ்சம் பாக்கலாம். நிறைய லேப்டாப்ல விண்டோஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே சோதனை பண்ற வசதி உள்ளேயே இருக்கும். எச்பி-ல ஆன் பண்ணும்போது எஸ்கேப், அப்புறம் எஃப்2. டெல்-ல எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ். அது டிஸ்க், ரேம் ரெண்டையும் சோதிச்சு ஒரு எர்ரர் கோடு கொடுக்கும். அதைப் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கடையில பேசும்போது அந்த போட்டோவுக்கு மரியாதை உண்டு.

விண்டோஸ் திறக்குதுன்னா கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லேருந்தே ஓடற வெர்ஷன் இருக்கு, அதை எடுங்க; சாகப் போற டிஸ்க்ல புதுசா எதையும் எழுதக் கூடாது. 'குட்', 'காஷன்', 'பேட்'னு மூணுல ஒண்ணு காட்டும். கீழே வர்ற பட்டியல்ல ரெண்டு வரிசையைத் தேடுங்க: ரீஅலோகேட்டட் செக்டர்ஸ், கரண்ட் பெண்டிங் செக்டர். ரெண்டும் பூஜ்ஜியமா இருக்கணும். பெண்டிங் செக்டர் நாளுக்கு நாள் ஏறுதுன்னா டிஸ்க் போற வழியில இருக்கு. அதே பட்டியல்ல சிஆர்சி எர்ரர் மட்டும் ஏறியிருந்து மத்ததெல்லாம் பூஜ்ஜியமா இருந்தா, பழுது கேபிள்லயோ கனெக்டர்லயோ இருக்க வாய்ப்பு அதிகம். கழற்றி மாட்டினாலே சரியாகலாம். 300 ரூபாய் வேலை.

'குட்'னு காட்டினா மட்டும் நிம்மதியா தூங்கிடாதீங்க. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டற பேக்பிளேஸ் நிறுவனம் 2016-ல வெளியிட்ட கணக்குல, பழுதான டிஸ்க்குகள்ல சுமார் 77 சதவீதம்தான் அவங்க கவனிக்கற அஞ்சு ஸ்மார்ட் அளவுகள்ல ஏதாவது ஒண்ணுல முன்கூட்டியே அறிகுறி காட்டியிருந்துச்சு. மீதி அந்த அளவுகள்ல எதுவும் காட்டாமலே போயிருக்கு. எஸ்எஸ்டி இன்னும் மோசம். சத்தமே வராது, நேத்து இருந்தது, இன்னைக்கு இல்ல.

கடைசியா ஒரு சோதனை, எனக்கு ரொம்பப் பிடிச்சது. நண்பரோட கம்ப்யூட்டர்ல ஒரு பென் டிரைவ்ல உபுண்டு போட்டு, உங்க லேப்டாப்பை அதுலேருந்து பூட் பண்ணுங்க. இன்ஸ்டால் பண்ணாதீங்க, 'ட்ரை' மட்டும் கொடுங்க. லேப்டாப் வெண்ணெய் மாதிரி ஓடினா போர்டு, ரேம், ஸ்கிரீன் எல்லாம் நல்லா இருக்கு, பழுது டிஸ்க்லயோ விண்டோஸ்லயோதான். "மதர்போர்டே போயிடுச்சு சார், 14,000"னு யாராவது சொன்னா அந்தப் பென் டிரைவை நீட்டலாம். டிஸ்க் படிக்கற நிலைமையில இருந்தா, இதே இடத்துலேருந்தே ஃபைல்களை வெளி டிரைவுக்குக் காப்பி பண்ணவும் முடியும்.

எந்த ஃபைலுக்கு எவ்வளவு விலை

காப்பி பண்ண முடியுதுன்னா வரிசை முக்கியம். சினிமா, டவுன்லோட் ஃபோல்டர், பழைய இன்ஸ்டாலர் எல்லாம் கிடக்கட்டும். டிஸ்க்குக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் ஆயுள்னு நெனச்சுக்கிட்டு எடுங்க. விண்டோஸ் தொடங்கும்போது தானாவே டிஸ்க் செக் பண்ணப் போறேன்னு சொன்னா, ஏதாவது ஒரு கீயை அழுத்தி நிறுத்திடுங்க. செக் டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தைச் சரி பண்றேன்னு டிஸ்க்ல எழுதும். காப்பி எடுத்த பிறகு செய்யற வேலை அது.

காப்பி பண்ண முடியல, அப்போ? லேபுக்குக் கொடுக்கணுமா? இங்கதான் பெரிய பணம் போற இடம், அதனால ஒரு பேப்பர் எடுத்து அந்த டிஸ்க்ல என்னென்ன இருந்துச்சுன்னு எழுதுங்க. எழுதினப்புறம் பக்கத்துல 'திரும்பக் கிடைக்குமா'ன்னு குறிங்க. நிறைய பேர் பயப்படற விஷயங்கள் அப்படியே திரும்பக் கிடைக்கும். ஃபார்ம் 16-ஐ உங்க எச்ஆர் மறுபடி கொடுப்பாங்க. 26ஏஎஸ், ஏஐஎஸ், பழைய வருஷங்கள்ல தாக்கல் பண்ண ரிட்டர்ன் எல்லாம் வருமான வரி இ-ஃபைலிங் தளத்துல இருக்கு. மியூச்சுவல் ஃபண்ட் மொத்த ஸ்டேட்மென்ட் கேம்ஸ், கேஃபின்டெக் தளங்கள்ல ஈமெயிலுக்கே வரும். பிஎஃப் பாஸ்புக் யுஏஎன் போட்டா கிடைக்கும். ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பல போர்டுகளோட மார்க்‌ஷீட் டிஜிலாக்கர்ல. இதுக்காக ஒரு ரூபாய்கூட ரெக்கவரிக்குச் செலவு பண்ணத் தேவையில்ல.

கிடைக்காதது எதுன்னா: முந்தின கம்பெனி பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர். லாகின் மூடிட்டாங்க, சில சமயம் கம்பெனியே இருக்காது. ஆனா அதையும் வேலை மாறும்போது, வீட்டுக் கடன் கேக்கும்போது யாருக்காவது ஈமெயில்ல அனுப்பியிருப்பீங்க. 'சென்ட்' பாக்ஸ்ல தேடுங்க. போட்டோக்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல யாரோ ஒரு சித்தி போன்ல இன்னும் இருக்கலாம், கேளுங்க. இப்படி எல்லாம் கழிச்சப்புறம் பேப்பர்ல மிஞ்சறதுதான் ரெக்கவரிக்கு நீங்க கொடுக்கப் போற விலைக்கு எதிர்ல நிக்கற பொருள்.

என் ரூம்மேட் பேப்பர்ல கடைசியா ஒரே ஒரு வரி மிஞ்சினது. லேப் சொன்ன தொகை 32,000. ஹெட் மாத்தணும், அதே மாடல் டோனர் டிஸ்க் தேடணும், தூசி இல்லாத அறையில திறக்கணும்னு காரணம் சொன்னாங்க. அப்போ அவனோட கைக்கு வர்ற சம்பளம் 31,000. லேப்டாப்போட விலையே பழசா வித்தா 15,000 தாண்டாது.

"சொல்லு மச்சான், குடுக்கலாமா?"ன்னு கேட்டான். நான் அப்போ எக்செல் எல்லாம் திறந்தேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு மூடிட்டேன்.

சொன்னது இது மட்டும்தான்: இன்னைக்கே முடிவு பண்ணாத. கடன் வாங்கியோ கார்டுல தேய்ச்சோ கொடுக்காத. டிஸ்க்கை பபிள் ராப்ல சுத்தி வை. போனஸ் வர நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள நீயே யோசி. லேபுக்குக் கொடுக்கறவங்க கேட்க வேண்டியதையும் அப்போ எழுதி வெச்சோம். பாத்துச் சொல்றதுக்குத் தனி கட்டணமா? எடுக்க முடியலன்னா காசு வேண்டாமா, இல்ல பாதியா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, எடுத்த ஃபைல் பட்டியலைக் காட்டுவீங்களா? இதை எழுத்துல வாங்காம டிஸ்க்கை ஒப்படைக்காதீங்க. ஃப்ரீசர்ல வெச்சா சரியாகும்னு ஒரு வைத்தியம் சுத்திக்கிட்டு இருக்கு. வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கும்.

இனி மெஷின்: எஸ்எஸ்டியா, புது லேப்டாப்பா

வாரண்டி முதல்ல. வாங்கின பில் தேடுங்க, இல்லன்னா லேப்டாப் அடியில இருக்கற சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்துல போட்டுப் பாருங்க. வாரண்டி இருந்தா டிஸ்க்கை இலவசமா மாத்துவாங்க. ஆனா பழைய டிஸ்க்கை வழக்கமா அவங்களே எடுத்துக்குவாங்க, டேட்டாவுக்குப் பொறுப்பு கிடையாது. அதனால உங்க டிஸ்க்ல அந்த 'ஒரே ஒரு வரி' இருந்தா, 4,000 ரூபாய் இலவசப் பாகத்தை விட்டுட்டு டிஸ்க்கைக் கையில வெச்சுக்கறதுகூட லாபமா இருக்கலாம்.

வாரண்டி முடிஞ்சவங்களுக்கு ஒரு உதாரணக் கணக்கு. விலைகளை உங்க ஊர் விலையா மாத்திக்கோங்க. 2025 கடைசியிலேருந்து ரேம், எஸ்எஸ்டி விலை உலகம் முழுக்க ஏறிடுச்சு, அதனால ரெண்டு வருஷம் முன்னாடி நண்பர் வாங்கின விலையை மனசுல வெச்சுக்கிட்டுக் கடைக்காரரோட சண்டை போடாதீங்க.

512 ஜிபி எஸ்எஸ்டி 5,000, மாத்தற கூலி 600, பழைய டிஸ்க் இன்னும் படிக்குதுன்னா அதை யுஎஸ்பி-யில இணைக்க ஒரு கேஸ் 400. மொத்தம் 6,000. இதனால லேப்டாப் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னா, மாசம் 250 ரூபாய். புது லேப்டாப் 50,000, அஞ்சு வருஷம் ஓடும்னா மாசம் 833 ரூபாய். ரிப்பேர் ஜெயிச்சாச்சு.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. 50,000 உங்க கையில இருக்கு, அதை ரெண்டு வருஷம் தள்ளிப் போடறீங்கன்னா, 6.5 சதவீத எஃப்டி-யில அது 6,700 ரூபாய்க்கு மேல வட்டி கொடுக்கும். வரி போகக் கொஞ்சம் குறையும். ஆனாலும் ரிப்பேர் செலவு ஏறக்குறைய அந்த வட்டியிலேயே முடிஞ்சுடும்.

ஆனா எல்லா லேப்டாப்பும் இந்தக் கணக்குக்கு ஒத்து வராது. உங்களோடதைத் திருப்பிப் பாருங்க. பேட்டரி நாற்பது நிமிஷம்தான் நிக்குதா? ஹிஞ்ச் விரிசல் விட்டிருக்கா? பேட்டரிக்கு 3,000, ஹிஞ்சுக்கு 2,500 சேருங்க. 6,000 இப்போ 11,500 ஆயிடுச்சு. இதெல்லாம் பண்ணி லேப்டாப் ஒரு வருஷம்தான் தாங்கும்னா மாசம் 958. புதுசைவிட அதிகம்! அதே 11,500-க்கு ரெண்டு வருஷம் ஓடினா மாசம் 480-க்குள்ள. ஆக விஷயம் ரிப்பேர் எவ்வளவுங்கறதைவிட அதுக்கப்புறம் எத்தனை மாசம்ங்கறதுலதான் நிக்குது. "புது விலையில பாதிக்கு மேல போனா ரிப்பேர் வேண்டாம்"னு ஒரு பழைய விதி சொல்வாங்க. எனக்கு அது பிடிக்கறதில்ல, ஏன்னா அதுல மாசமே வராது.

எத்தனை மாசம் ஓடும்ங்கறதை முடிவு பண்றதுல பாகங்கள் தேயறது ஒண்ணு, விண்டோஸ் இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது. தனியா பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும். விண்டோஸ் 11 முறைப்படி போடணும்னா இன்டெல்ல பொதுவா 8-ஆவது தலைமுறை சிப், அதோட டிபிஎம் 2.0 வேணும். லேப்டாப்ல ஒட்டியிருக்கற பேரைப் பாருங்க: ஐ5-7200யு-ன்னா 7-ஆவது தலைமுறை, ஐ5-8250யு-ன்னா 8-ஆவது. நெட் பேங்கிங், டீமேட் எல்லாம் அதே லேப்டாப்ல பாக்கறவங்க பாதுகாப்பு அப்டேட் வராத மெஷின்ல 6,000 போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும். பிரவுசர், யூடியூப், கூகுள் ஷீட்ஸ் இது மட்டும்தான் வேலைன்னா லினக்ஸ் மின்ட் போட்டு அதே பழைய லேப்டாப்பை இன்னும் சில வருஷம் ஓட்டலாம். என் மேஜையில ஒண்ணு ஓடுது. அம்மா அதுலதான் சீரியல் பாக்கறாங்க, விண்டோஸ் இல்லைன்னு இன்னும் தெரியாது.

சில லேப்டாப்ல மாத்தற வழியே இல்ல. இப்போ வர்ற மேக்புக்ல ஸ்டோரேஜ் போர்டோட ஒட்டியே வருது. ரொம்ப மலிவான சில லேப்டாப்ல 64 ஜிபி இஎம்எம்சி-ன்னு வரும், அதுவும் அப்படித்தான். அங்க எஸ்எஸ்டி விலை எடுபடாது, போர்டு விலைதான்.

ரெண்டுக்கும் நடுவுல மூணாவது வழி, ரீஃபர்பிஷ்ட். ஆபீஸ்கள்ல மூணு நாலு வருஷம் ஓடின திங்க்பேட், லேட்டிட்யூட் வகை லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவுலயும் ஆன்லைன்லயும் 20,000 - 25,000 வரம்புல பாக்கலாம். 8-ஆவது தலைமுறைக்கு மேல, பில்லோட, குறைஞ்சது ஆறு மாச வாரண்டியோட கிடைச்சா மட்டும் பாருங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி ஒரு வார்த்தை

புதுசுதான்னு முடிவாச்சா, சரி. ஆனா பூஜ்ஜிய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லியாச்சு. வட்டி இருக்கு, அந்தத் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சுக் காட்டறாங்க. 50,000 லேப்டாப், 9 மாசம், கார்டு வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னு வெச்சுக்கோங்க. மாசம் 5,556. உள்ளே மறைஞ்சிருக்கற வட்டி 3,000-க்குப் பக்கம். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்க கட்டணும், சுமார் 540. பிராசசிங் கட்டணம் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தத்துல 770 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லதான். ஆனா முழுப் பணம் கொடுத்தா கிடைக்கற தள்ளுபடி போயிடும், ஒன்பது மாசத்துக்குச் சம்பளத்துலேருந்து 5,556 பூட்டு விழும். ஒரு மாசம் கார்டு பில் முழுசா கட்டலன்னா மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓட ஆரம்பிக்கும்.

எமர்ஜென்சி ஃபண்டை இதுக்குத் தொடலாமான்னு கேப்பீங்க. அந்த லேப்டாப்தான் உங்க வருமானத்துக்கு வழின்னா, 6,000 ரூபாய் ரிப்பேருக்குத் தாராளமா தொடலாம். ஆறு மாசத்துக்குள்ள திரும்ப நிரப்புங்க. "எப்படியும் வாங்கறோம், கிராஃபிக்ஸ் கார்டோட வாங்கிடலாம்"னு தோணினா, அந்த ஃபண்டைத் தொடாதீங்க.

கடை வாசல்ல

எஸ்எஸ்டி வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப் மாடலைப் போட்டு, 2.5 இன்ச் சாட்டாவா, எம்.2 ஸ்லாட்டான்னு பாத்துக்கோங்க. ஹார்ட் டிஸ்க் இருந்த பழைய லேப்டாப்புக்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும்; ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி-யைச் சுத்திப் படிக்கும், இது 500 தாண்டும். பில்லுல எஸ்எஸ்டி சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க. மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு வாரண்டி வர்ற பொருள் அது, பில் இல்லாம வாங்கினா 200 ரூபாய் மிச்சம் பிடிச்சு அதைத் தொலைச்ச கதை.

விண்டோஸ் போட 1,000 கேட்டா, கொடுக்காதீங்க. லேப்டாப்போட வந்த விண்டோஸ் லைசென்ஸ் போர்டோட பதிவாகியிருக்கும். டிஸ்க் மாத்தினாலும் போகாது. மைக்ரோசாஃப்ட் தளத்துலேருந்து இலவசமா இறக்கி 8 ஜிபி பென் டிரைவ்ல போட்டு நீங்களே இன்ஸ்டால் பண்ணலாம். அதே எடிஷனைப் போட்டு நெட்டோட இணைச்சா தானா ஆக்டிவேட் ஆகும். கடைக்காரர் கிராக் பண்ண ஆபீஸ் சேர்த்துப் போட்டுக் கொடுத்தா அதுவும் வேண்டாம், உங்க பேங்க் பாஸ்வேர்டு அடிக்கற மெஷின் அது.

பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸ்ல போட்டு இணைச்சா சில பேருக்கு 48 இலக்க பிட்லாக்கர் கீ கேக்கும். பதறாதீங்க, நீங்க லாகின் பண்ண மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல அது வழக்கமா சேமிக்கப்பட்டிருக்கும். கொடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. அந்தப் பழைய டிஸ்க்கைக் கடையில விட்டுட்டு வராதீங்க, எக்ஸ்சேஞ்சுக்கு 300 கொடுத்தாலும். உங்க பான், ஆதார் காப்பி, பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாம் அதுல இருக்கு. சொன்ன வேலை செய்யாம, பாகத்தை மாத்தி வெச்சு ஏமாத்தினாங்கன்னா, பில் கையில இருந்தா 1915-ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பில் இல்லன்னா பேச்சு எடுபடறது கஷ்டம்.

ரூம்மேட் லேப்டாப்புக்கு அன்னைக்கே எஸ்எஸ்டி போட்டோம், திங்கட்கிழமை வேலைக்கு உக்காந்துட்டான். டிஸ்க் நாலு மாசம் பீரோல துணிக்கு நடுவுல இருந்துச்சு. போனஸ் வந்த வாரம், நான் கேக்காமலே, லேபுக்குக் கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்தான். மூணு வாரம் ஆச்சு. வீடியோ மொத்தம் பதினோரு நிமிஷம். கடைசி நாலு நிமிஷம் வரல. மீதி ஏழு நிமிஷம் இப்போ அவன் லேப்டாப்ல ஒண்ணு, ஊர்ல தங்கச்சிகிட்ட ஒரு வெளி டிரைவ்ல ஒண்ணு, கூகுள் கொடுக்கற இலவச 15 ஜிபி-யில ஒண்ணுன்னு மூணு இடத்துல இருக்கு.